எட்டு மாதம் பூட்டிக் கிடந்த தளம்

சைக்கிளின் பின் ஹப்பில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பால்ரஸ் போட வேண்டும் என்பது மறந்துவிட்டது. நானே என் இணையதளத்தில் எழுதிவைத்த குறிப்புதான். தளத்துக்குள் போய்த் தேடச் சோம்பல்பட்டு, பழக்கதோஷத்தில் கூகுளில் தட்டினேன். என் பக்கம் வரவில்லை. தலைப்பை எழுத்து மாறாமல் தட்டினேன். அப்போதும் இல்லை. கடைசியில் ஹப்பைக் கழற்றி எண்ணித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பது.

ஹப் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. தளத்தின் வேலை ஐந்து வாரம் இழுத்தது. அந்த ஐந்து வாரத்தில் என்ன செய்தேன், எதைக் கெடுத்தேன், எதைத் திரும்பச் சரிசெய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

தளம் சின்னது. சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றி 73 பக்கங்கள். பல வருடங்களாகக் கையால் எழுதிய எச்.டி.எம்.எல். கோப்புகளாகவே ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளுக்கு மாற்றினேன். அதற்கப்புறம் வாசகர்களிடமிருந்து கேள்விகள் வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. எல்லோரும் வீடியோ பார்க்கப் போய்விட்டார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு பூட்டு

ஒரு தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் கூகுளிடம் இருக்கின்றன என்று தோராயமாகப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தேடல் பெட்டியில் ‘சைட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்க்க வேண்டும். அப்படித் தேடியதில் ஆறு முடிவுகள் வந்தன. முகப்புப் பக்கம் ஒன்று, மற்ற ஐந்தும் இப்போது இல்லாத பழைய முகவரிகள். எதற்கும் கீழே விவரம் கிடையாது. இந்தப் பக்கத்தைப் பற்றிய தகவல் கிடைக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வரி மட்டும்.

நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவி சர்ச் கன்சோல். அதில் தளத்தை எப்போதோ பதிந்துவைத்திருந்தேன். திறந்து பார்த்ததுதான் இல்லை. அது 16 மாதத் தரவை வைத்திருக்கும் என்பதால் நடந்த விபத்து முழுசாகப் படத்தில் தெரிந்தது. பாதி வரைக்கும் சுமாரான ஏற்ற இறக்கம். அப்புறம் கோடு தடதடவென்று இறங்கித் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. இறங்க ஆரம்பித்த வாரம், நான் தளத்தை மாற்றிய வாரம்.

சரி, மாற்றும்போது என்ன செய்தேன்? புதிய வடிவத்தைச் சோதித்துப் பார்க்கும் நாட்களில், அரைகுறைப் பக்கங்கள் தேடலில் வந்துவிடக் கூடாதே என்று எச்சரிக்கையாக இரண்டு காரியம் செய்திருந்தேன். ஒன்று, ரோபாட்ஸ் கோப்பில் தளம் முழுவதற்கும் தடை எழுதியது. இரண்டு, வேர்ட்பிரஸ் அமைப்புகளில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் டிக் போட்டது. இந்த இரண்டும் வெளியீட்டு நாளில் தளத்தோடு சேர்ந்தே வெளியே வந்துவிட்டன. கடைக்கு வெள்ளையடித்துவிட்டு ஷட்டரைத் திறக்க மறந்த கதை.

ரோபாட்ஸ் கோப்பு என்பது தானியங்கி நிரல்களுக்கு வாசலில் மாட்டும் அறிவிப்புப் பலகை. மார்ட்டைன் கோஸ்டர் 1994-இல் முன்வைத்த ஏற்பாடு அது. அதிகாரப்பூர்வ இணையத் தரமாக எழுதப்பட்டதோ 2022-இல்தான். இடைப்பட்ட 28 வருடமும் வெறும் மரியாதையில் ஓடியிருக்கிறது.

அந்தப் பலகையை முதலில் கழற்றினேன். கூகுள் ரோபாட்ஸ் கோப்பைப் பொதுவாக ஒரு நாள் வரை நினைவில் வைத்திருக்கும் என்பதால் இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு தளத்தை மறுபடி தேடினேன். முன்பு ஆறு வந்தது. இப்போது ஒன்றுமே வரவில்லை. முகப்புப் பக்கம் கூடப் போய்விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பல வருடம் தப்பாகவே நினைத்திருந்தேன். ரோபாட்ஸ் தடை, ‘உள்ளே வந்து படிக்காதே’ என்கிறது. ‘பட்டியலில் சேர்க்காதே’ என்று அது சொல்வதில்லை. வேறு யாராவது நம் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தால், உள்ளே போய்ப் படிக்காமலே முகவரியை மட்டும் கூகுள் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். விவரமில்லாத அந்த ஆறு முடிவுகள் அப்படி வந்தவை. ‘பட்டியலில் சேர்க்காதே’ என்று சொல்வது நோஇண்டெக்ஸ் குறி. வேர்ட்பிரஸ் பெட்டியில் நான் போட்ட டிக் செய்தது இதைத்தான். அது பக்கத்துக்குள்ளே இருக்கிறது. உள்ளே வந்தால்தான் அது கண்ணில் படும். ஆக, வெளிப்பூட்டு இருந்தவரை உட்பூட்டு கூகுளுக்குத் தெரியவில்லை. வெளிப்பூட்டை எடுத்ததும் கூகுள் உள்ளே வந்தது, நோஇண்டெக்ஸைப் படித்தது, சொன்னபடி முகப்பைத் தூக்கிவிட்டது. இல்லாத பழைய முகவரிகளும் இல்லை என்று அப்போதுதான் அதற்குத் தெரிந்தது, அவையும் போயின. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது.

பெட்டியில் டிக்கை எடுத்தேன். சர்ச் கன்சோலில் ஒரு முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை செய்தால், இன்னமும் நோஇண்டெக்ஸ் என்றது. அமைப்புகளில் டிக் இல்லை, ஆனாலும் பக்கத்தில் குறி இருக்கிறது. ஒரு மணி நேரம் செருகுநிரல்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் பக்கங்களின் பிரதியை எடுத்துவைத்துக் கொடுக்கும், வேகத்துக்காகப் போட்டிருந்த கேச், பழைய பிரதிகளையே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. கேச்சைக் காலி செய்ததும் சோதனை பச்சை காட்டியது. நான் உள்நுழைந்த நிலையில் பார்த்ததால் எனக்கு மட்டும் புதுப் பிரதி தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தத் திருத்தத்தையும் வெளியேறிய நிலையில், வேறொரு உலாவியில், பக்கத்தின் மூலநிரலைத் திறந்துதான் சரிபார்க்கிறேன்.

பழைய முகவரிகள்

பழைய தளத்தில் ஒவ்வொரு முகவரியும் எச்.டி.எம்.எல். என்று முடியும். புதியதில் அந்த வால் இல்லை. இத்தனை வருடத்தில் மற்றவர்கள் தங்கள் தளங்களில் கொடுத்த லிங்குகள் எல்லாம் பழைய முகவரிகளுக்கு. அவற்றைச் சொடுக்கினால் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பதில். மாற்றிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

முதலில் குறுக்குவழியில் போனேன்: இல்லாத எந்த முகவரி வந்தாலும் முகப்புக்கு அனுப்பு என்று ஒரே விதி. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் சர்ச் கன்சோலில் அந்த முகவரிகளெல்லாம் ‘சாஃப்ட் 404’ என்ற தலைப்பில் வந்து உட்கார்ந்தன. பிரேக் பற்றிக் கேட்டவனை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அவனுக்கு விடை கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்; கூகுளும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. விதியை அழித்துவிட்டு, ஒரு விரிதாளில் பழைய முகவரி ஒரு பத்தி, புதிய முகவரி ஒரு பத்தி என்று 73 வரிகள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நிரந்தர மாற்றத்துக்கான 301. தற்காலிகத்துக்கான 302-ஐப் போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டேன். இந்த வழிமாற்றுகளைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எனக்கு எடுத்துவிடும் உத்தேசமே இல்லை.

அதிலும் மூன்று முகவரிகள் மட்டும் 404-லேயே நின்றன. ஒன்று ‘கோணல் சக்கரம்’ பக்கம். விரிதாளில் இருப்பதும் சர்வர் பதிவில் இருப்பதும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். இந்த மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்தபோது, மூன்றிலும் ஒகர, ஓகார உயிர்மெய் இருப்பது கண்ணில் பட்டது. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. கணினிகளின் பொது எழுத்துத் தரமான யூனிகோடில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாக வைப்பது இன்னொன்று. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். என் பழைய கோப்புகளில் சில பிரிந்த வடிவத்தில் இருந்திருக்கின்றன. அந்த மூன்றுக்கும் இரண்டு வடிவத்திலும் விதி எழுதினேன். சரியானது.

தமிழ் முகவரிகளைப் பற்றி இன்னொரு விஷயம். அவற்றை நகலெடுத்து எங்காவது ஒட்டினால் சதவீதக் குறிகளோடு நீளமாக விரியும். ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. ஆக ‘க’ என்பது 9 எழுத்து, ‘கி’ என்பது 18 எழுத்து. தேடலுக்கு இதனால் கெடுதல் இல்லை, கூகுள் தமிழ் முகவரிகளைச் சரியாகவே புரிந்துகொள்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக 73 முகவரிகளை மறுபடி மாற்றும் தெம்பு எனக்கு இல்லை. அப்படியே விட்டேன்.

எல்லாப் பக்கமும் முகப்பின் நகலா?

மூன்றாம் வாரம். பூட்டுகள் இல்லை, வழிமாற்றுகள் சரி, பக்க முகவரிகளை அடுக்கிய சைட்மேப்பும் கொடுத்தாயிற்று. ஆனாலும் முகப்பைத் தவிர எந்தப் பக்கமும் பட்டியலில் ஏறவில்லை. காரணத்தைப் பார்த்தால், ‘சரியான கேனானிக்கல் குறி உள்ள மாற்றுப் பக்கம்’ என்று இருந்தது. படிக்க நல்ல செய்தி போலத் தெரிந்ததால் இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் விட்டேன்.

கேனானிக்கல் குறி 2009-இல் வந்தது. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் கிடைக்கும்போது எது மூலம் என்று சொல்வதற்கு. பாதுகாப்பான இணைப்போடும் இல்லாமலும், மூன்று டபிள்யூவோடும் இல்லாமலும் என்று ஒரே பக்கம் நான்கு முகவரிகளில் திறக்கும் தளங்கள் நிறைய உண்டு. அங்கே இது உபயோகம். நான் என்ன செய்திருந்தேன் என்றால், எல்லாப் பக்கங்களுக்கும் அச்சாக இருக்கும் வார்ப்புருவின் தலைப்பகுதியில் முகப்பின் முகவரியையே கேனானிக்கலாக எழுதி, அதை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக வைத்திருந்தேன். அதாவது 73 பக்கங்களும் ‘நான் வெறும் நகல், மூலம் முகப்புதான்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு வரித் திருத்தம். ஒவ்வொரு பக்கமும் இப்போது தன் முகவரியையே சொல்கிறது.

சைட்மேப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம். என்னிடம் இருப்பது 73. அதில் முன்னுரிமை எண், மாறும் கால இடைவெளி என்றெல்லாம் நிரப்பும் கட்டங்களைக் கூகுள் பார்ப்பதே இல்லை. கடைசியாகத் திருத்திய தேதி உண்மையாக இருந்தால் அதை மட்டும் கவனிக்கிறது. முக்கியமான பத்துப் பக்கங்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிச் சர்ச் கன்சோலில் கையால் விண்ணப்பமும் கொடுத்தேன். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சீக்கிரம் நடக்காது.

என் சொல்லும் தேடுபவர் சொல்லும்

நான்காம் வாரம் பக்கங்கள் ஏற ஆரம்பித்தன. 20, 41, 60. சர்ச் கன்சோலில் தேடல் சொற்களின் பட்டியலும் வரத்தொடங்கியது. முதல் மூன்று வாரம் நான் செய்தது, நானே போட்ட முடிச்சை நானே அவிழ்த்த வேலை. எழுத்தைத் தொட்டது இங்கேதான், எனக்குப் பிடித்ததும் இதுதான்.

நான் எழுதிய தலைப்புகள் இப்படி: ‘மிதிவண்டிச் சங்கிலிப் பராமரிப்பு’, ‘சக்கரச் சமன்பாடு’, ‘நிறுத்துக் கட்டைகள் – பகுதி 2’. தேடுபவர்கள் தட்டியது இப்படி: ‘சைக்கிள் செயின் அடிக்கடி கழறுது’, ‘வீல் பெண்ட் எடுப்பது எப்படி’, ‘பிரேக் பிடித்தால் சத்தம்’. சக்கரப் பக்கம் கணிசமான முறை தேடலில் காட்டப்பட்டிருக்கிறது, யாரும் சொடுக்கவில்லை. ஏன் சொடுக்குவார்கள்? சமன்பாடு என்றால் கணக்குப் பாடம் என்றல்லவா நினைப்பார்கள்.

தூய தமிழ்ச் சொற்களை எடுத்துவிட எனக்கு மனமில்லை. மிதிவண்டி நல்ல சொல். ஆனால் பழுதாகி நடுவழியில் நிற்கிறவன் மிதிவண்டி என்று தட்டுவதில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். தலைப்பிலும் முதல் பத்தியிலும் மக்கள் சொல்லும் சொல்; உள்ளே போகப் போக என் சொல்லும் கலந்து வரும். ‘சக்கரச் சமன்பாடு’ இப்போது ‘சைக்கிள் வீல் பெண்ட் எடுப்பது எப்படி: ஸ்போக் சாவியால் கோணலை நிமிர்த்துதல்’. இரண்டு சொல்லும் இயல்பாக உட்கார்ந்துவிட்டன. ஒரே சொல்லைப் பத்து முறை திணிக்கும் வேலையை நான் செய்யவில்லை. திணித்த பத்தியைச் சத்தமாகப் படித்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். கூகுளின் விதிகளிலும் அது குப்பை என்றே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இந்தப் பட்டியலில் தெரிந்தது. ஒரே கேள்வி கழறுது, கழலுது, கழண்டு விழுது, கழன்றால் என்று நாலு வடிவில் வருகிறது. ஒற்று மிகும் இடமெல்லாம் தட்டுபவர் பார்ப்பதில்லை. நானும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பக்கம் எழுதலாமா என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். வேண்டாம் என்று விட்டது நல்லதாகப் போயிற்று; ஒரே பக்கம் அந்த எல்லா வடிவத்துக்கும் வர ஆரம்பித்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக எதுவும் செய்யவில்லை.

விவரக் குறிப்பு எனப்படும் மெட்டா டிஸ்கிரிப்ஷனை முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் எழுதினேன். அது தரவரிசையை ஏற்றாது. முடிவின் கீழே இரண்டு வரியாகக் காட்டப்படலாம், பல சமயம் கூகுள் தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் வரியைப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். டைட்டிலைக் கூடச் சில நேரம் அதுவே மாற்றிக் காட்டுகிறது. பழைய பக்கங்களில் மெட்டா கீவேர்ட் என்று நாற்பது சொல் அடுக்கிவைத்திருந்தேன். அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அழித்தேன்.

இன்னும் பதினோரு பக்கங்கள் எந்தத் தேடலிலும் தலைகாட்டவே இல்லை. திறந்து பார்த்தால் எனக்குத் தமிழாகத் தெரிகிறது. மூலநிரலில் பார்த்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய பக்கங்கள்! எழுத்துருக் கோப்பையும் தளத்திலேயே வைத்திருந்ததால் வாசகருக்கு ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது; தேடுபொறிக்கு அது எந்த மொழியும் இல்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, பிழைகளைக் கையால் திருத்தினேன். வரைபடத்துக்குள் எழுதியிருந்த விளக்கங்களையும் பக்கத்தில் எழுத்தாகவே சேர்த்தேன்.

படங்கள், லிங்குகள், மற்றவை

படங்கள் கேமராவிலிருந்து வந்தபடியே 4 எம்.பி., 5 எம்.பி. என்று கிடந்தன. அகலத்தைக் குறைத்து, கோப்பின் அளவு சிறிதாகும் வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றினேன். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். என்னுடையது படத்தைச் சுருக்கிய பிறகும் நாலு விநாடிக்குக் குறையவில்லை. தேவைப்படும்போது மட்டும் படத்தை ஏற்றும் சோம்பல் ஏற்றத்தை எல்லாப் படங்களுக்கும் போட்டிருந்ததுதான் காரணம். உச்சியில் இருக்கும் முதல் படத்துக்கு அதைப் போடக் கூடாது. எடுத்ததும் இரண்டு விநாடிக்கு வந்தது. சர்ச் கன்சோலின் வேக அறிக்கை மட்டும் காலியாகவே இருக்கிறது. உண்மையான வாசகர்களின் அனுபவத்திலிருந்து அது எடுக்கப்படுவதால், அதற்குப் போதுமான கூட்டம் என் தளத்துக்கு வருவதில்லை.

உள் லிங்குகள் பாதிக்கு மேல் ‘இங்கே சொடுக்கவும்’ என்றிருந்தன. எங்கே போகிறோம் என்பதை அந்தச் சொல்லே சொல்லும்படி மாற்றினேன்: ‘டியூப் ஒட்டுப் போடும் முறை’, ‘செயினின் நீளம் பார்ப்பது’. இந்த வேலையின்போது, சைட்மேப்பில் மட்டும் பெயர் இருந்து வேறெங்கிருந்தும் லிங்க் இல்லாத அநாதைப் பக்கங்கள் ஐந்து கிடைத்தன. அவற்றுக்கும் வழி போட்டேன்.

செய்முறைப் பக்கங்களுக்கான தனிக் குறியீட்டைச் சேர்த்தால் படிகள் தேடல் முடிவிலேயே அழகாகத் தெரியும் என்று எங்கோ படித்து, ஒரு விடுமுறை நாளை அதற்கு ஒதுக்கிவைத்திருந்தேன். நல்லவேளை, ஆரம்பிக்கும் முன் சரிபார்த்தேன். அந்த வசதியைக் கூகுள் 2023-லேயே எடுத்துவிட்டது. நூறு லிங்க் வாங்கித் தருகிறோம், முதல் இடம் நிச்சயம் என்று மின்னஞ்சல்களும் வந்தன. எட்டு மாதம் தேடலிலேயே இல்லாத தளத்தைப் ‘பார்த்து வியந்ததாக’ ஒருவர் எழுதியிருந்தார். குப்பைத்தொட்டிக்கு அனுப்பினேன்.

இப்போது 64 பக்கங்கள் பட்டியலில் இருக்கின்றன. சொடுக்குகள் பழைய அளவில் பாதியைத் தாண்டவில்லை. மீதி ஒன்பது பக்கங்கள் ‘படித்தாயிற்று, இப்போதைக்குச் சேர்க்கவில்லை’ என்ற நிலையில் நிற்கின்றன. அவற்றை உட்கார்ந்து படித்தேன். நான்கு, கிரீஸ் வைப்பதைப் பற்றியவை. நாலும் கிட்டத்தட்ட ஒரே விஷயம், ஆளுக்கு நாலு வரி மாற்றம். அவற்றை ஒரே பக்கமாக எழுதி, மற்ற மூன்றையும் 301 போட்டு அதற்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு நான்கு, வெறும் அறிவிப்புகள்; எடுத்துவிடலாம். கடைசி ஒன்று, பழைய பெடலின் மரை எந்தப் பக்கம் சுற்றும் என்பதைப் பற்றியது. இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்று தெரியாமல் கிராங்கைக் கெடுத்துக்கொண்ட கதையோடு எழுதியிருக்கிறேன். அது நன்றாகத்தான் இருக்கிறது. அதில் கை வைக்கப் போவதில்லை.